தீராத நோட்டு

"சொல்லு" என்றாள் இசக்கியம்மாள். நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அதன்மேல் ஆள்காட்டி விரலை ஊன்றியிருந்தாள்.

எதிரே நின்ற பையனுக்கு முழுப்பரீட்சை முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நோட்டுக் கட்டை எடைக்குப் போட்டு, வருகிற காசில் ரப்பர் பந்து வாங்கி, இருட்டுவதற்குள் ஒரு மேட்ச் ஆடிவிடலாம் என்று வந்திருந்தான்.

"என்னத்த சொல்றது?"

"இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அத."

பையன் குனிந்தான். "காற்றில் அடங்கியுள்ள வாயுக்கள்" என்று படித்தான். சட்டென்று அவள் உள்ளங்கை பக்கத்தை மூடிவிட்டது.

"வாசிக்கச் சொல்லலைலே. சொல்லச் சொன்னேன்."

"நைட்ரஜன்... ஆக்சிஜன்... அப்புறம்..." பையன் மூடிய கையையே பார்த்தான். கால் கட்டைவிரல் மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

"தீரல. கொண்டு போ."

கட்டு மொத்தமும் திரும்ப அவன் மார்பிலேயே வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பந்தும் இல்லை, மேட்ச்சும் இல்லை.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் பழைய பேப்பர் கடையில் ஏப்ரல் கடைசி வந்தால் இந்தக் கூத்து தொடங்கிவிடும். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு பக்கமும் கூரையைத் தொடும் பேப்பர்க் கட்டுகள், நடுவே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் தராசு, அதன் கீழே நாலாக மடித்த கோணிச் சாக்கு, சாக்கின் மேல் இசக்கியம்மாள். நாற்பதை நெருங்கும் வயது. இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. பேசும்போது முந்தானையால் விசிறிக்கொண்டேதான் பேசுவாள். கோபம் வந்தால் விசிறுவதை நிறுத்திவிடுவாள். அப்போது எதிரில் நிற்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தொழிலில் கெட்டிக்காரி. இங்கிலீஷ் பேப்பர் எது, தமிழ்ப் பேப்பர் எது என்று கை பட்டாலே தெரியும். வாரப் பத்திரிகையை வாசனையிலேயே சொல்லிவிடுவாள். எடை கூடட்டும் என்று பேப்பருக்கு நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிற புத்திசாலிகளை வாசலிலேயே பிடித்துவிடுவாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில், லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நின்றபோது, அப்படி ஒருவர் வந்தார். "குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல பேப்பருக்குத் தண்ணி காட்டுதீகளோ?" என்று கேட்டாள். மனுஷன் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவளிடம் ஒரே ஒரு களவு உண்டு. எடை போடும்போது, எடைக்கல் இருக்கும் தட்டின் விளிம்பில் அவளுடைய இடது சுண்டு விரல் போய்ப் படுத்துக்கொள்ளும். சும்மா ஓய்வெடுக்கப் போனது போலத்தான் இருக்கும். கால் கிலோவை அது விழுங்கிவிடாது. ஐம்பது கிராம், அறுபது கிராம். தெரிந்தவர்கள் "இசக்கி, விரல்!" என்பார்கள். அவள் குனிந்து அந்த விரலை, யார் வீட்டுப் பிள்ளையோ வந்து நிற்கிறது என்பது போலப் பார்ப்பாள். அப்புறம் எடுத்துக்கொள்வாள். அடுத்த எடைக்கு விரல் மறுபடி அங்கே போயிருக்கும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது கிடையாது. சின்னப் பிள்ளைகள்கூடத் தராசு ஆட ஆரம்பித்ததும் "விரல்!" என்று கத்தப் பழகியிருந்தன.

பழைய பேப்பருக்கு அவளிடம் ஒரு கேள்வியும் கிடையாது. பிள்ளைகள் எழுதிய நோட்டு வந்தால்தான் கேள்வி. ஒரு கட்டுக்கு மூன்று பக்கம். மூன்றையும் பார்க்காமல் சொல்லிவிட்டால் "தீந்துச்சு" என்று தட்டில் வைப்பாள். ஒன்று தடுக்கினாலும் கட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நாளைக்கு வரலாம், அடுத்த வாரம் வரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம்.

இதில் வேடிக்கை, இசக்கியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவள். அக்காள்மார் இரண்டு பேரும் வயலுக்குப் போக, தங்கைகள் இரண்டு பேரையும் இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்ததால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். தெரியாத எழுத்தில் அவள் எப்படிப் பரீட்சை வைக்கிறாள் என்று ஒருநாள் முருகன் அண்ணாச்சி கேட்டே விட்டார். முருகன் அண்ணாச்சி முக்கில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவரும் தெற்கத்திக்காரர். இசக்கியம்மாளின் புருஷன் அய்யாதுரை அவளுக்கு அத்தை மகன். அந்த வகையில் அண்ணாச்சி, அய்யாதுரைக்கு மாமா முறை, இவளுக்குச் சித்தப்பா முறை.

"இதுல என்ன இருக்கு சித்தப்பா? தெரிஞ்ச பிள்ள என் மூஞ்சியப் பாக்கும். தெரியாத பிள்ள தாளப் பாக்கும். இதுக்கு எழுத்து எதுக்கு?"

இந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது தம்பி சுயம்புவால். இங்கே வந்து அக்கா வீட்டில் தங்கி ஒன்பதாவதும் பத்தாவதும் படித்தவன். ஒன்பதாவது பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போனான். எடை போட்டது வேறு யாருமில்லை, அவனுடைய அக்காதான். ஒன்றரை மாதம் கடற்கரையும் கிரிக்கெட்டுமாகத் திரிந்துவிட்டு ஜூனில் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால், ஒன்பதாம் வகுப்பில் படித்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. வாத்தியார் பழசிலிருந்து கேட்க, இவன் விழிக்க, அங்கே தொடங்கிய சறுக்கல் நிற்கவே இல்லை. கணக்கை மட்டும் ஐந்து தடவை எழுதிப் பார்த்தான். இப்போது தூத்துக்குடியில் உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். "நான் அன்னைக்கு அத வாங்காம இருந்திருக்கணும்" என்று மட்டும் இசக்கியம்மாள் சொல்வாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள்.

முதல் சில வருஷம் தெருவுக்கே இது எரிச்சலாக இருந்தது. கோயில் பக்கத்துச் சாருலதா மாமி, மகள் இரண்டாவது முடித்த கோடையில், ஒருநாள் நேராக வந்துவிட்டாள்.

"என்ன இசக்கி, எங்காத்து மஹதி நோட்டை எடுத்துண்டு வந்தா திருப்பி அனுப்பிச்சுட்டியாமே? அலமாரி பூரா அடைச்சுண்டு கெடக்கு. நீ என்னடான்னா ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி கேள்வி கேட்டுண்டு உக்காந்திருக்கே!"

"நீங்க வீட்டுப் பேப்பர் பூராவும் கொண்டாங்க மாமி, வாயத் தொறக்க மாட்டேன். பேப்பர் வாசிச்சதும் தீந்துபோச்சு. நோட்டு அப்படியா?"

மாமி அன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். ஆனால் அடுத்த கோடையில் அவளே மகளிடம், "எல்லாம் தெரியும்னு சொல்றியே, எங்கே, இசக்கிகிட்டே போட்டுட்டு வந்துடு பார்ப்போம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். மற்ற அம்மாமாருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு ஊரே தூங்கும்போது நாலு பிள்ளைகள் நோட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்தால் யாருக்குக் கசக்கும்?

இன்னொரு பேப்பர் கடையும் உண்டு, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற கடை. ஆனால் அது பஸ் ரோட்டைத் தாண்டி இருந்தது. பிள்ளைகள் தனியாக ரோடு தாண்டக் கூடாது என்று எல்லா வீட்டிலும் உத்தரவு. அந்த ரோடு மட்டும் இல்லையென்றால் இசக்கியம்மாளின் சட்டம் ஒரே நாளில் செத்திருக்கும்.

கட்டுகளைக் குடோனுக்கு ஏற்றிப்போகும் ட்ரைசைக்கிள் வேலுவுக்குத்தான் கடைசி வரை மனசு ஆறவில்லை. "இன்னாக்கா, ஊர்ல கீற டீச்சருங்கல்லாம் லீவுல ஜாலியா கீறாங்க. நீ இன்னா தனியா இஸ்கோல் நடத்திக்கினு கீற? பத்து மணிக்கு லோடுன்னு சொன்ன, இங்க பாத்தா பரீச்ச ஓடிக்கினு கீது" என்பான்.

"வெயில்ல நிக்காம உள்ள வந்து உக்காரு வேலு. உன்னையும் ஒரு கேள்வி கேக்கேன்."

"அய்யோ வேணாம்பா" என்று வேலு வெயிலிலேயே நின்றுகொள்வான்.

இப்படித் தெருப் பிள்ளைகளையெல்லாம் வாட்டியவள் தன் பிள்ளையை ஒருநாளும் அந்தத் தராசுக்கு முன்னால் நிறுத்தியதில்லை. ஒரே மகள், ஜெயஸ்ரீ. அந்தத் தொண்ணூற்று மூன்றில் ஏழாவது முடித்திருந்தாள். பேப்பர்க் கட்டில் தவழ்ந்து, பேப்பர்க் கட்டில் தூங்கி வளர்ந்த பெண். பள்ளி விட்டு வந்ததும் "படிச்சியாட்டி?" என்று அம்மா கேட்பாள். மகள் அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து "படிச்சேம்மா" என்பாள். இசக்கியம்மாளுக்கு மனசு குளிர்ந்துவிடும். பார்த்த முகத்தை அவள் நம்பினாள். எந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்கும், எந்தப் பிள்ளை தாளைப் பார்க்கும் என்று ஐந்து வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் தன் மகள்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் ஒட்டினார்கள். பார்க்கப் போனவர் அய்யாதுரை. ஐந்தாவது வரை படித்தவர். வீட்டில் எழுத்து தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தான். பாஸான பட்டியலில் மகள் பெயர் இல்லை. கீழே தனியாக ஒரு துண்டுப் பட்டியல் இருந்தது, கணக்கில் மட்டும் மறுபரீட்சை, ஜூன் ஏழாம் தேதி. அதில் இருந்தது.

"நோட்டுல போட்ட கணக்குலருந்துதான் கேப்பாங்களாம். சூடாமணி டீச்சர் சொன்னாங்க" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கேட்டுக்க இசக்கி. ஜூன்ல பாஸானா எட்டாவது. இல்லேன்னா பள்ளிக்கூடம் போதும். ஒரே வகுப்புல ரெண்டு வருஷம் உக்கார வைக்க என்னால முடியாது. கடையில உக்காரட்டும், உனக்கும் கைக்கு உதவியா ஒரு ஆள் ஆச்சு."

"அத்தான், அவ படிக்கிற பிள்ள."

"நீ படிக்கல. கடை ஓடலியா?"

இசக்கியம்மாளின் கையில் முந்தானை நின்றுபோயிற்று. அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"கணக்கு நோட்டு எங்கட்டி?"

"ஸ்கூல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்கம்மா" என்றாள் ஜெயஸ்ரீ, முகத்தைப் பார்த்து. அதையும் அவள் நம்பினாள்.

நாலாம் நாள் காலையில் சாருலதா மாமியின் மகள் மஹதி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் ஒரு சீரகப் பொட்டலத் தாள். நீவி நீவி மடிப்பை எடுத்திருந்தாள்.

"மாமி, அண்ணாச்சி கடைலேர்ந்து சீரகம் வந்தது. பிரிச்சா ஜெயஸ்ரீ பேர் இருக்கு!"

"என்ன எழுதியிருக்கு, வாசி."

"மேலே பின்னக் கணக்கு. எல்லாம் தப்பு. கீழே செவப்பு மையிலே டீச்சர் எழுதியிருக்கா. 'ஜெயஸ்ரீ, பின்னம் உனக்குச் சிறிதும் புரியவில்லை. நாளை பெற்றோரை அழைத்து வரவும்.' அப்பாவோ அம்மாவோ கையெழுத்து வேற போடணுமாம், மாமி. ஒண்ணுமே போடலை."

இசக்கியம்மாள் மெல்லத் திரும்பினாள். ஜெயஸ்ரீ கட்டுகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். முதல் தடவையாக அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மஹதியின் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்த அன்றே அந்த நோட்டை அண்ணாச்சி கடைக்குப் போகிற கட்டின் நடுவில் செருகியிருக்கிறாள். கோடு போட்ட நோட்டுத் தாள் தடிமனானது, மிளகு சீரகம் மடிக்க அதுதான் தோது என்று அண்ணாச்சி விலை கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்குவார். அந்தக் கட்டைத் தன் கையாலேயே நிறுத்து, கயிறு இறுக்கி அனுப்பியவள் இசக்கியம்மாள். மகளின் எழுத்து இன்னது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பாள்.

அடிக்கப் போகிறாள் என்றுதான் மஹதி நினைத்தாள். இசக்கியம்மாள் எழுந்தாள். தராசில் யாருடைய பேப்பரோ பாதி எடையில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, வெயிலில் செருப்புகூட இல்லாமல் முக்குக் கடைக்கு நடந்தாள்.

"நீயே குடுக்கே, நீயே கேக்கே" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் தாள் குத்தி வைத்திருந்த கம்பியைக் கழற்றி அவள் முன்னால் போட்டார். மஹதி ஒவ்வொன்றாக எழுத்தைப் பார்த்துப் பிரித்தாள். நாற்பத்தெட்டுத் தாளில் இருபது கம்பியில் இருந்தது. பாக்கி இருபத்தெட்டும் இரண்டு தெருவின் அஞ்சறைப் பெட்டிகளுக்குப் போயாயிற்று.

அன்று சாயங்காலம் கடை வாசலில் நின்று இசக்கியம்மாள் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "எங்க ஜெயஸ்ரீ எழுத்து உள்ள பொட்டலத் தாள் எவ வீட்டுல கெடந்தாலும் கொண்டாங்க. ஒரு தாளுக்கு ஒரு நோட்டு. கேள்வி கேக்காம எடுத்துக்கிடுதேன்." ஏழு வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத சட்டம்.

தையற்கடை வீட்டு சகினா முன்னால் வந்தாள். எட்டாவது முடித்தவள்; அந்தக் கோடையில் மட்டும் நாலு தடவை திருப்பி அனுப்பப்பட்டவள்.

"அது வேணாம்க்கா."

"பின்ன என்ன வேணும்?"

"எங்களை எவ்ளோ கேட்டீங்க! தாள் கொண்டுவர்றவங்க அதுல இருக்கிற கணக்கை ஜெயஸ்ரீகிட்ட கேப்போம். நீங்க கேக்கக் கூடாது. நாங்கதான் கேப்போம்."

மொத்தக் கூட்டமும் "ஆமா! ஆமா!" என்று குதித்தது. ஜெயஸ்ரீ "ம்மா!" என்று அலறினாள். இசக்கியம்மாளின் முந்தானை மறுபடி விசிற ஆரம்பித்தது.

"சரி. ஆனா அவ செவுரப் பாத்து உக்காரணும். யார் மூஞ்சியும் பாக்கக் கூடாது. நானும் அவ மூஞ்சியப் பாக்கல."

தினம் நாலு மணிக்குக் கடை நாறிப்போகும். பெருங்காயத் தாள், மஞ்சள் தாள், புளி ஒட்டிய தாள். ஒருத்தி கொண்டுவந்த தாளில் டீச்சரின் சிவப்பு மையே எண்ணெயில் ஊறிக் கணக்குக்கு வெளியே ஓடியிருந்தது. வேலுவும் ஒன்று கொண்டுவந்தான். "அண்ணாச்சி கடைல வேர்க்கடல வாங்கினேங்க்கா. தின்னுட்டுப் போடப் போவசொல்ல பாத்தா நம்ம பொண்ணு கணக்கு கீது" என்று பெருமையாக நீட்டினான். ஜெயஸ்ரீ கட்டின்மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஏழெட்டுப் பேர். கணக்குக்குக் கீழே டீச்சர் சிவப்பு மையில் திருத்தி எழுதிய விடை இருக்கும். அதை மறைத்துக்கொண்டு கேட்பார்கள்.

"இரண்டே கால் மீட்டர் துணியில் முக்கால் மீட்டர் வெட்டினால் மீதி எவ்வளவு?" என்றாள் சகினா ஒருநாள்.

சுவர் பக்கம் முணுமுணுத்துக் கூட்டிக் கழித்தது. "ஒண்ணேகால்" என்றது கடைசியில்.

"தீரல!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள், இசக்கியம்மாள் இழுக்கிற அதே இழுப்போடு.

"கால் மீட்டரை எங்கடி விட்டே? எங்க அத்தா கடையில நீ வெட்டினா சட்டைக்குக் கையே இருக்காது!"

"உங்க அத்தா தைச்ச சட்டைக்கு மட்டும் ரெண்டு கையும் ஒரே நீளமாவா இருக்கு?" என்று சுவரைப் பார்த்தபடியே ஜெயஸ்ரீ திருப்பிக் கொடுத்தாள். பெரிய சிரிப்பு எழுந்தது. சகினாவும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கரித்துண்டை எடுத்துத் தரையில் போட்டுக் காட்டினாள். காட்டும்போது அவளே ஓரிடத்தில் தடுக்கினாள். மஹதி, "அங்கே கடன் வாங்கணும், நீ வாங்கவே இல்லையே" என்றாள். அப்புறம் அவர்கள் இரண்டு பேருக்கும் அரை மணி நேரச் சண்டை. ஐந்தாவது படிக்கிறவள் எட்டாவது முடித்தவளை மடக்கியதில் மற்றவர்களுக்கெல்லாம் பரம சந்தோஷம். மறுநாள் எல்லாருமே வீட்டில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். கேட்கிறவர்களுக்குத் தெரியாவிட்டால் மானம் போகும் அல்லவா?

இசக்கியம்மாள் எதிலும் வாய் வைக்கவில்லை. தன் பாட்டுக்கு எடை போட்டுக்கொண்டிருப்பாள். காது மட்டும் அந்தப் பக்கம். மகளின் முகம் தெரியாததால் குரலைக் கேட்டாள். தெரிந்து சொல்கிற குரல் எது, தெரியாமல் சொல்கிற குரல் எது என்று பிடிபடப் பத்து நாளாயிற்று. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டதும் அன்றைக்கு வந்த தாள்களை நீவி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைப்பாள். எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் என்று தெரியாததால் மஹதி மூலையில் எண் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த எண்ணின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்குவாள்.

அய்யாதுரை முதல் வாரம் முழுக்க முறுமுறுத்தார். "வியாபாரம் செய்யுத எடமா, சந்தைக்கடையா இது?" ஒருநாள் சும்மா இருக்காமல், "ஏட்டி, எங்க, நான் ஒண்ணு கேக்கேன்" என்று ஒரு தாளைப் பிடுங்கிக் கேட்டார். ஜெயஸ்ரீ சொன்னாள். "தப்பு" என்றார். மஹதி எட்டிப் பார்த்து, "இல்ல மாமா, அவ சொன்னதுதான் சரி. நீங்கதான் மேல இருக்கிற கணக்குக்குக் கீழ இருக்கிற விடையைப் பாக்கறேள்" என்றாள்.

"தீரல, மாமா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அதற்கப்புறம் நாலு மணிக்கு அய்யாதுரையைக் கடைப்பக்கம் காண முடியாது.

ஜூன் பிறந்தபோது இருபத்தைந்து தாள் திரும்பியிருந்தது. மூன்று தாள் போனது போனதுதான். ஒன்று யார் வீட்டிலோ வெந்நீர் அடுப்புக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் என்னவாயிற்று என்றே தெரியவில்லை. முன்பின் பக்கங்களைப் பார்த்தால் மூன்றிலும் தனிவட்டிக் கணக்கு. ஜெயஸ்ரீ பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் அந்தக் கணக்குகளைத் தானே போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. அதையும் இசக்கியம்மாள் நோட்டோடு சேர்த்துத் தைத்தாள். மங்கள வாத்தியம் முழங்க என்று ஒரு பக்கம், அசல் வட்டி காலம் என்று மறுபக்கம்.

ஏழாம் தேதி காலையில் மகள் கிளம்பும்போது "படிச்சியா?" என்று அவள் கேட்கவில்லை. "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்று முழுக்க எடையெல்லாம் தப்பாகவே போட்டாள், அதுவும் வந்தவர்களுக்குச் சாதகமாக.

பள்ளி திறந்து மூன்றாம் நாள். சாயங்காலம். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஜெயஸ்ரீ வழக்கமாகப் பின்கதவு வழியாக வீட்டுக்குள் போகிறவள். அன்றைக்கு யூனிபாரத்தோடு முன்வாசலில் வந்து, பேப்பர் போட வந்தவர்களோடு வரிசையில் நின்றாள். கூடவே மஹதி. முறை வந்ததும் மஞ்சளும் எண்ணெயும் ஊறி ஊதிப்போயிருந்த அந்த நோட்டை அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"எடைக்கு" என்றாள்.

உள்ளே கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அய்யாதுரை எட்டிப் பார்த்தார். "என்ன சொன்னாங்க டீச்சர்?" என்றார்.

ஜெயஸ்ரீ அம்மாவுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

இசக்கியம்மாள் நோட்டின் நடுவில் பிரித்து விரலை ஊன்றினாள். "சொல்லு." மஹதி எட்டிக் கேள்வியை வாசித்தாள். ஜெயஸ்ரீ தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரி" என்றாள் மஹதி. இன்னொரு பக்கம். "சரி." மூன்றாவதாகக் கல்யாணப் பத்திரிகைத் தாள் வந்தது. கேள்வி முடிவதற்குள்ளேயே விடை வந்துவிட்டது. மஹதி சரி என்று சொல்லக் காத்திராமல் இசக்கியம்மாள் நோட்டை மூடினாள். குரல் போதுமாக இருந்தது.

"தீந்துச்சு."

"எட்டாவது 'அ' பிரிவும்மா" என்றாள் ஜெயஸ்ரீ, அப்போதுதான் திரும்பி.

அய்யாதுரை கையில் இருந்த சணலைக் கீழே போட்டார். "அதுக்காக நம்ம பிள்ள நோட்ட நம்மளே நிறுக்கணுமா? எடுத்து உள்ள வையி" என்றார். அது இசக்கியம்மாள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நோட்டை ஒரு தட்டில் வைத்தாள். மறு தட்டில் கால் கிலோக் கல்லை வைத்தாள். தராசு மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்தது.

"மாமி, விர..." என்று பழக்கதோஷத்தில் கத்த வாயெடுத்த மஹதி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இசக்கியம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தராசு தானாக நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.